ரூக்கி டிராஃப்ட்: விதியை மாற்று என்றால் எதை மாற்றுவது?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் எங்கள் கரையில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தங்கச்சிமடத்தில் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற வேலை நடக்கும். வெயில் ஏறியதும் படகு நிழலில் உட்கார்ந்து போனை எடுப்பார்கள். அப்படி உட்காருபவர்களில் மூன்று பேர், கணினியில் நடக்கும் எங்கள் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் அணி வைத்திருக்கிறார்கள். மொத்தம் பத்து அணிகள். இரண்டு பேர் துபாயில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர்கள், மற்றவர்கள் மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம். எல்லோருக்கும் நேரம் ஒத்துவருவது தடைக்காலத்தில்தான் என்பதால், வருஷா வருஷம் எங்கள் டிராஃப்ட், அதாவது புதுமுக வீரர்களை அணிகள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது, அப்போதுதான் நடக்கிறது.

இந்த வருஷம் டிராஃப்டுக்கு முன்னாலேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. "மாப்ள, ரூக்கி டிராஃப்ட் விதியை மாத்தியே ஆகணும்" என்றான் ஒருவன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். இரண்டு மணி நேரம் பேசிய பிறகுதான் தெரிந்தது, ஆளுக்கொரு விதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவன் வரிசையைச் சொன்னான், ஒருவன் சம்பளத்தைச் சொன்னான், இன்னொருவன் வருகிற புதுமுகங்களின் தரத்தைச் சொன்னான். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு எதுவுமே புரியவில்லை. அவர்களுக்காகவும், இதே மாதிரி லீக் நடத்தும் மற்றவர்களுக்காகவும் அடியிலிருந்து சொல்கிறேன்.

இது எந்தக் கால்பந்து?

நம் ஊர்த் திடலில் உதைக்கும் கால்பந்து அல்ல. அமெரிக்கக் கால்பந்து. இரு முனையும் கூரான பந்து, தலையில் ஹெல்மெட், களத்தில் அணிக்கு 11 பேர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவர் நன்றாக இருந்தால் அணி பாதி தேறிவிடும். இந்தக் கட்டுரைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

சிமுலேஷன் லீக் என்பது கணினி நடத்தும் லீக். ஒவ்வொரு வீரருக்கும் வேகம், பலம், எறியும் துல்லியம் என்று எண்கள் இருக்கும். யாரை இறக்குவது, யாரை விற்பது என்று நாம் முடிவெடுப்போம். அப்புறம் நிரல் கணக்குப் போட்டு ஆட்டத்தின் முடிவைச் சொல்லும். வீரர்களுக்கு வயதாகும், ஓய்வு பெறுவார்கள். அவர்கள் இடத்தை நிரப்ப, ஒவ்வொரு சீசன் முடிவிலும் நிரலே புதுமுகங்களை உருவாக்கும். புதுமுகத்துக்கு ரூக்கி என்று பெயர். அந்த வருஷத்துப் புதுமுகங்கள் மொத்தமும் சேர்ந்து டிராஃப்ட் கிளாஸ். அவர்களைப் பத்து அணிகளும் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் ரூக்கி டிராஃப்ட்.

ஏலம் வேறு, டிராஃப்ட் வேறு

நமக்குப் பழகியது ஏலம். பாம்பன் கரையில் மீனைக் கூறு போட்டு ஏலம் விடும்போது, பாறை மீன் கூறு யாருக்குப் போகிறது? அதிக விலை கேட்டவருக்கு. ஐபிஎல்லும் அப்படித்தான். 2024 நவம்பரில் நடந்த ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடிக்கு லக்னோ அணிக்குப் போனார், ஏனென்றால் அந்த விலைக்கு மேல் வேறு யாரும் கேட்கவில்லை. புரோ கபடியும் ஏலம்தான்.

டிராஃப்டில் விலை கேட்பது இல்லை. முறை மட்டும்தான். நம் பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு மீதி 4 நாள் என்று பல வருஷமாக ஒரு முறை இருக்கிறது. எவ்வளவு பெரிய முதலாளியாக இருந்தாலும் நாட்டுப்படகின் நாளைக் காசு கொடுத்து வாங்க முடியாது. டிராஃப்டின் அடிப்படையும் அதுதான். உன் முறை வரும்போது மிச்சம் இருப்பவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்கிறாய், அடுத்தவர் முறை வருகிறது. அப்படி ஒரு தடவை எடுக்கும் உரிமைக்குப் பிக் என்று பெயர். எல்லா அணியும் ஒரு தடவை எடுத்து முடித்தால் ஒரு சுற்று. எங்கள் லீக்கில் 5 சுற்று, ஆக 50 பிக்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஏலத்தில் பணம் முடிவு செய்கிறது, டிராஃப்டில் வரிசை முடிவு செய்கிறது. அதனால் டிராஃப்டில் சண்டை என்று வந்தால் பெரும்பாலும் வரிசையைப் பற்றித்தான் வரும்.

கடைசியில் வந்தவருக்கு ஏன் முதல் பிக்?

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் 1935 வரை டிராஃப்ட் கிடையாது. கல்லூரி முடித்த வீரர் எந்த அணியோடும் ஒப்பந்தம் போடலாம். இயல்பாகவே பணமும் பெயரும் உள்ள அணிகளுக்கே நல்லவர்கள் போனார்கள். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது, நல்ல வீரர்கள் யாரும் வரவில்லை. முந்தைய சீசனில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கட்டும், சாம்பியன் கடைசியில் எடுக்கட்டும் என்ற யோசனையை 1935இல் அவர் வைத்தார். மற்ற உரிமையாளர்களும் ஒத்துக்கொண்டார்கள். பலமான அணிகளும் ஒத்துக்கொண்டதுதான் இதில் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றும். எதிரில் ஆட ஆளில்லாத லீக்கில் ஜெயித்து என்ன செய்வது?

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8 அன்று பிலடெல்பியாவில் நடந்தது. 9 அணி, 9 சுற்று, 81 வீரர்கள். முதல் பிக் ஈகிள்ஸுக்கே கிடைத்தது. அவர்கள் எடுத்தது சிகாகோ பல்கலைக்கழக வீரர் ஜே பெர்வாங்கரை. ஆனால் அவர் என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இன்று 32 அணி, 7 சுற்று என்று வளர்ந்துவிட்டது. பிளேஆஃபுக்கு (சீசன் கடைசியில் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் சுற்றுக்கு) போகாத 18 அணிகள் முதலில் எடுக்கும், சாம்பியன் முதல் சுற்றில் 32ஆவதாக எடுக்கும்.

முதல் பிக் கிடைத்துவிட்டால் அணி தேறிவிடும் என்பது அடிக்கடி கேட்கிற தவறான பேச்சு. பெர்வாங்கர் கதை ஒரு பக்கம் இருக்கட்டும். 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் டாம் பிராடியை 198 பேர் எடுத்து முடித்த பிறகு, ஆறாவது சுற்றில் 199ஆவதாகத்தான் எடுத்தார்கள். அவர் ஏழு சூப்பர் பவுல் (என்எஃப்எல்லின் இறுதிப்போட்டி) ஜெயித்தார். பிக் என்பது வலை போடுகிற இடம் மாதிரி. நல்ல இடத்தில் போட்டால் மீன் படும் வாய்ப்பு கூடும், படுவது உறுதி என்று யாரும் சொல்ல முடியாது.

பிக்கை விற்கலாம் என்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். பிக் என்பது அந்த நாளில் மட்டும் பயன்படும் டோக்கன் இல்லை. விற்கலாம், வாங்கலாம், மாற்றிக்கொள்ளலாம். அடுத்த வருஷத்துப் பிக்கையும் இப்போதே கொடுத்துவிடலாம். அதற்கு எதிர்காலப் பிக் என்று பெயர்.

நம் கரையில் இதற்குச் சரியான ஒப்பு இருக்கிறது. வலையும் டீசலும் வாங்க வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு, இனிமேல் பிடிக்கப் போகும் மீனை அவரிடமே கொடுக்க வேண்டும். மீன் இன்னும் கடலில்தான் இருக்கிறது, எவ்வளவு படும் என்று தெரியாது. ஆனாலும் ஏற்கனவே விற்றாகிவிட்டது. எதிர்காலப் பிக்கும் அப்படித்தான். போன வருஷம் பாம்பன் அணிக்கு ஒரு நல்ல குவார்ட்டர்பேக் வேண்டியிருந்தது. தொண்டி அணியிடமிருந்து வாங்கிக்கொண்டு, அடுத்து வரும் டிராஃப்டின் முதல் சுற்றுப் பிக்கை எழுதிக் கொடுத்தார்கள். பாம்பன் அணி எந்த இடத்தில் முடிக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. குவார்ட்டர்பேக் காலை உடைத்துக்கொண்டார், அணி கடைசிக்கு இறங்கியது. அந்தப் பிக் இப்போது தொண்டி அணியின் கையில் இருக்கிறது.

பிக்குக்கு விலை எப்படிப் போடுவது? டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியினர் 1990களின் தொடக்கத்தில் ஒரு மதிப்புப் பட்டியல் போட்டார்கள். முதல் பிக் 3000 புள்ளி, இரண்டாவது 2600, 16ஆவது 1000. இரண்டு தரப்பும் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். முதலிலிருந்து பதினாறாவதுக்கு இறங்கினால் மதிப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது, அதைக் கவனியுங்கள். மேல் இடங்களில் ஓர் இடம் தள்ளினாலே பெரிய இழப்பு.

சுருக்கமாக, வரிசை விதிதான் பிக்கின் விலையைத் தீர்மானிக்கிறது. விதியைத் தொட்டால் ஊரார் கையில் இருக்கும் பிக்குகளின் விலையையும் தொடுகிறோம்.

வேண்டுமென்றே தோற்பது

கடைசி அணிக்கு முதல் பிக் என்றால், கடைசிக்குப் போவதே லாபம் என்று ஒருவன் நினைக்கலாம். அப்படித் திட்டமிட்டுத் தோற்பதற்கு டேங்கிங் என்று பெயர். உண்மையான லீக்கில் இதற்கு இயல்பான தடைகள் உண்டு. களத்தில் இருக்கும் வீரருக்கு அடுத்த ஒப்பந்தம் வேண்டும், பயிற்சியாளருக்கு வேலை போய்விடும், மைதானம் காலியாகும். சிமுலேஷனில் இந்தத் தடைகள் எதுவும் கிடையாது. கணினி வீரர் கோபப்பட மாட்டார். அதனால் வரிசை விதி உண்மையான லீக்கைவிட நமக்குத்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எங்கள் லீக்கில் நான் கண்ணால் பார்த்த ஒன்று. சீசன் முடிய மூன்று வாரம். ஓர் அணியின் ஆட்ட வரிசைப் பக்கத்தை, அதாவது யார் யார் களத்தில் இறங்குவது என்ற பட்டியலை, திறந்தால், 84 மதிப்புள்ள குவார்ட்டர்பேக்கின் பெயருக்கு எதிரே "ஓய்வு" என்று இருக்கிறது. அவருக்கு அடிபடவில்லை. அவர் இடத்தில் 51 மதிப்புள்ள மூன்றாம் நிலை ஆள். முன்வரிசையிலும் இரண்டு பேர் இடம் மாறியிருந்தார்கள். மூன்று ஆட்டமும் தோல்வி, முதல் பிக் உறுதி. கேட்டால், "இளசுகளுக்கு வாய்ப்புக் கொடுத்தேன் மச்சான்" என்றான். விதிப்படி அவன் செய்தது தப்பும் இல்லை, ஏனென்றால் அதைத் தடுக்கும் விதியே எங்களிடம் இல்லை. ஆனால் அந்த மூன்று வாரத்தில் அவனோடு ஆடியவர்களுக்குச் சும்மா வெற்றி கிடைத்தது. பிளேஆஃபுக்குப் போக உண்மையாகப் போராடிய ஓர் அணி அதனால் வெளியே போனது. அந்த அணிக்காரர் ராத்திரி கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்து முடிவைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வந்தது அன்றைக்குத்தான்.

குலுக்கல் வைத்தால் என்ன?

கூடைப்பந்து லீக்கான என்பிஏ இதற்குத் தேடிய வழி குலுக்கல். நம் ஊர்க் குலுக்கல் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள், பெயரெழுதிப் பானையில் போட்டு ஒன்றை எடுப்பது. 1985இல் பிளேஆஃபுக்குப் போகாத ஏழு அணிகளின் பெயரையும் ஏழு உறைகளில் போட்டு எடுத்தார்கள். ஏழுக்கும் சம வாய்ப்பு. நியூயார்க் நிக்ஸுக்கு முதல் பிக் விழுந்தது, பேட்ரிக் யூயிங்கை எடுத்தார்கள். மிக மோசமான கணக்கோடு முடித்த இரண்டு அணிகளில் ஒன்றான கோல்டன் ஸ்டேட்டுக்கு ஏழாவது பிக்தான் கிடைத்தது. தோற்பதில் லாபம் இல்லாமல் போனது உண்மை. ஆனால் உண்மையிலேயே பலவீனமான அணியையும் அது கைவிட்டுவிட்டது.

அதனால் 1990இல் எடையுள்ள குலுக்கலுக்கு மாறினார்கள். அதாவது, மோசமான அணியின் பெயரைப் பானையில் அதிகத் தடவை போடுவது. 1993இல் 41 ஆட்டம் ஜெயித்த ஆர்லாண்டோவுக்குக் குலுக்கலில் போட்ட 66 பந்துகளில் ஒரே ஒரு பந்துதான். அதுவே வந்தது. உடனே கடைசி அணியின் வாய்ப்பை 25 சதவீதமாக ஏற்றினார்கள். அப்புறம் மறுபடியும் டேங்கிங் பேச்சு கிளம்ப, 2019இலிருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீதம் என்று குறைத்தார்கள். 2025இல் 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த டல்லாஸ் அணி முதல் பிக்கை அள்ளியது.

நாற்பது வருஷமாக ஒரு பக்கம் ஏற்றி, ஒரு பக்கம் இறக்கி அலைகிறார்கள். பலவீனமான அணிக்கு உதவ வேண்டும், தோற்பவருக்குப் பரிசும் கொடுக்கக் கூடாது. இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. ஒன்றை இழுத்தால் மற்றது தளரும்.

பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக்கான பிடபிள்யூஎச்எல் வேறு வழி கண்டது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிளேஆஃப் வாய்ப்பு போனது என்று உறுதியான பிறகு, மிச்ச ஆட்டங்களில் எந்த அணி அதிகப் புள்ளி எடுக்கிறதோ அதற்கு முதல் பிக். மோசமான அணி சீக்கிரமே வெளியேறும், அதனால் புள்ளி சேர்க்க அதற்கு அதிக ஆட்டம் மிச்சமிருக்கும். உதவியும் கிடைக்கிறது, ஜெயிக்க ஆசையும் இருக்கிறது. பத்து அணி வைத்திருக்கும் நம்மைப் போன்ற சின்ன லீக்குக்கு இது நன்றாகப் பொருந்தும்.

பாம்பு வரிசை என்று ஒன்றையும் சிலர் சொன்னார்கள். முதல் சுற்று 1 முதல் 10 வரை, அடுத்த சுற்று 10 முதல் 1 வரை என்று வளைந்து போவது. லீக் தொடங்கும் முதல் வருஷம், எல்லோரும் வெறுங்கையோடு வரும்போது அது நியாயம். வருஷா வருஷம் நடக்கும் ரூக்கி டிராஃப்டுக்கு அது வேண்டாம்.

வரிசை இல்லாத மற்ற இரண்டு

சம்பளம் வேறு விதி. 2010இல் என்எஃப்எல்லின் முதல் பிக்கான சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருஷத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த வருஷமே ரூக்கி சம்பளத்துக்கு வரம்பு வந்தது. 2011இன் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 4 வருஷத்துக்கு சுமார் 2.2 கோடிதான். வரிசை அப்படியே இருந்தது, விலை மட்டும் மாறியது. டிராஃப்ட் கிளாஸின் தரம் என்பது மூன்றாவது விஷயம், நிரலின் அமைப்புப் பக்கத்தில் மாற்றுவது. "நல்ல குவார்ட்டர்பேக்கே வரமாட்டேங்கிறான்" என்ற குறைக்கு வரிசையை மாற்றிப் பயன் இல்லை.

நேரத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிக்குக்கும் கெடு உண்டு. 2003இல் மினசோட்டா வைக்கிங்ஸ் கெடுவைத் தவறவிட்டதால் இரண்டு அணிகள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டன. கடலில் சற்று தூரம் போனால் சிக்னல் இருக்காது. அதனால் தடைக்காலம் தாண்டி டிராஃப்ட் தள்ளிப்போனால், விசைப்படகு கடலுக்குப் போகும் திங்கள், புதன், சனியில் வைக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

எந்த விதி என்பதைவிட, எப்போதிலிருந்து

எங்கள் வாக்குவாதத்தில் யாருமே கேட்காத கேள்வி இது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எங்கள் பட்டியலில் முதல் பிக் 1000 புள்ளி, இரண்டாவது 800, மூன்றாவது 600, நான்காவது 500. கடைசி நான்கு அணிக்கும் சம வாய்ப்புள்ள குலுக்கல் வைத்தால், நான்கையும் கூட்டி 2900, நான்கால் வகுத்தால் 725. அதாவது கடைசி அணியின் பிக் 1000இலிருந்து சராசரியாக 725க்கு இறங்கும். நான்காவது மோசமான அணியின் பிக் 500இலிருந்து 725க்கு ஏறும்.

இப்போது தொண்டி அணியை நினைத்துப் பாருங்கள். நல்ல குவார்ட்டர்பேக்கைக் கொடுத்துப் பாம்பனின் பிக்கை வாங்கியவர் அவர். இந்த வருஷமே விதியை மாற்றினால் 275 புள்ளி அவர் கையிலிருந்து போகிறது. அவர் டேங்கிங் செய்யவில்லை, ஒரு தப்பும் செய்யவில்லை. அதே 725க்கு உயர்ந்தவரும் ஒன்றும் செய்யவில்லை, அவருக்குச் சும்மா கிடைக்கிறது. முன்பணம் கொடுத்த வியாபாரியிடம், மீன் கரைக்கு வந்த பிறகு, "இன்றிலிருந்து கணக்கு வேற" என்று சொல்வதற்குச் சமம் இது.

என்பிஏ இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். 2014இல் குலுக்கல் மாற்றத்துக்கு ஓட்டெடுத்தார்கள். 30 அணிகளில் 17 ஆதரித்தன. ஆனால் தேவை 23, அதனால் தோற்றது. 2017 செப்டம்பரில் மறுபடி ஓட்டெடுத்து நிறைவேறியபோது, 2018 டிராஃப்டைப் பழைய விதியிலேயே நடத்தி, 2019இலிருந்துதான் புது விதியைக் கொண்டுவந்தார்கள். சாதாரணப் பெரும்பான்மை போதாது என்பது ஒன்று, நடுவில் ஒரு டிராஃப்டை விட்டுவிட்டது இன்னொன்று. இரண்டையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

துபாய் காக்கா (அண்ணன்) ஒருவர் கேட்டார்: "அதுவரைக்கும் ஒருத்தன் டேங்கிங் பண்ணினா?" நியாயமான கேள்விதான். அதற்கு டிராஃப்டைத் தொடவே வேண்டாம். அடிபடாத முதல்நிலைக் குவார்ட்டர்பேக்கை உட்கார வைக்கக் கூடாது, வைத்தால் கமிஷனரே ஆட்ட வரிசையை மாற்றி அமைப்பார் என்று ஓர் ஆட்ட வரிசை விதி போதும். கமிஷனர் என்றால் லீக்கை நடத்தும் பொறுப்பாளர், எங்கள் லீக்கில் மண்டபத்து அண்ணன். அந்த விதி யாருடைய பிக்கின் விலையையும் குறைக்காது, அதனால் இந்தச் சீசனிலேயே கொண்டுவரலாம்.

நான் எழுதிக் கொடுத்திருக்கும் முன்மொழிவில் மூன்று வரிதான் இருக்கிறது. ஆட்ட வரிசை விதி உடனே அமலுக்கு வரும். இந்த டிராஃப்டும் அடுத்த டிராஃப்டும் பழைய வரிசையில் நடக்கும், ஏற்கனவே கைமாறிய பிக்குகள் எல்லாம் அதற்குள் பயன்பட்டு முடிந்துவிடும். அதற்கு அடுத்த டிராஃப்டிலிருந்து, வெளியேறிய பின் எடுத்த புள்ளியை வைத்து வரிசை. நிறைவேற பத்தில் எட்டு ஓட்டு வேண்டும். இப்போதைக்கு ஆறு பேர் சரி என்றிருக்கிறார்கள். தொண்டி அணிக்காரர் முதல் ஆளாகக் கைதூக்கினார். ஜூன் 14 இரவு படகுகள் ஐஸ் ஏற்றிக் கிளம்புவதற்குள் மீதி நான்கு பேரிடமும் பேசிவிட வேண்டும்.